மாணிக்கம் அண்ணனின் கோபிஸ் லோரி

நசுங்கிய முட்டைக்கோஸ் இலையின் பச்சை வாடை எங்கிருந்து வந்தாலும் எனக்கு மாணிக்கம் அண்ணனின் ஞாபகம் வரும். ரிங்லெட்டுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் குடியிருந்த அவர், கோலா தெர்லாவில் ஒரு சீன முதலாளியின், எங்கள் பேச்சில் ‘தவுக்கே’யின், காய்கறி லோரியை ஓட்டினார், சாயங்காலம் ‘கோபிஸ்’ என்று நாங்கள் சொல்லும் முட்டைக்கோஸை ஏற்றிக்கொண்டு தாப்பா மலைப்பாதையில் இறங்கினால், விடிவதற்குள் கோலாலம்பூர்ச் சந்தையில் நிற்பார். அந்த லோரியின் முன்னிருக்கையில் ஏறிப்போய்த்தான் அம்மா மாதாமாதம் அந்த ஊர்ச் சிறையிலிருந்த என் அண்ணன் சேகரைப் பார்த்துவிட்டு வந்தாள். பள்ளி விடுமுறையில் நானும் நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருப்பேன்.

சேகர் ஈப்போவிலிருந்து ‘தூள்’ எனப்பட்ட போதைப்பொருள் பொட்டலங்களைக் கொண்டுவந்தபோது பிடிபட்டவன். கொண்டுவந்தது உண்மை, அதை எங்கள் வீட்டில் யாரும் மறுக்கவில்லை. அந்தக் காலத்துச் சட்டத்தில் அவ்வளவு தூளுக்குத் தூக்கைத் தவிர வேறு தண்டனை கிடையாது. எங்களுக்கு மிச்சமிருந்தது கருணை மனு ஒன்றுதான்.

தோட்டத்தில் எல்லாருக்கும் இதைப் பற்றி ஒரு கருத்து இருந்தது. காலையில் ஆள் எடுக்கும் ‘பெரட்டு’க் களத்திலும், கொழுந்து நிறுக்கும் இடத்திலும், “நாலு பேரத் தொங்கவிட்டாத்தான் மத்தவன் பயப்படுவான்” என்று பேசிக்கொண்டிருப்பார்கள், அம்மா கூடையோடு வந்ததும் மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். அவள் மனம் நோகக் கூடாதென்றுதான் அப்படிச் செய்தார்கள். ஆனால் அந்த மழைப் பேச்சுதான் அம்மாவை அதிகம் சுட்டது. போகப் போக அவள் கடைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

மாணிக்கம் அண்ணன் ஒருவர்தான் முகத்துக்கு நேரே சொன்னார். அவருடைய தம்பி கண்ணன் அதே தூளுக்குப் பழகி, தொழிற்சாலைக்குப் பின்னால் செத்துக் கிடந்தவன். முதல் பயணத்திலேயே, “அக்கா, ஏத்திட்டுப் போறேன், அது வேற. ஆனா என்னையக் கேட்டா தூக்குல போடணும்னுதான் சொல்வேன்” என்றார்.

“உன்னை யாருடா கேட்டா? ரோட்டப் பாத்து ஓட்டுலா” என்றாள் அம்மா.

அதன் பிறகு ஒவ்வொரு பயணத்திலும் அந்த வழக்கு முன்னிருக்கையில் புதிதாக நடந்தது. கண்ணனுக்கு எவன் கருணை காட்டினான் என்று அவர் கேட்பார். சேகரைத் தொங்கவிட்டால் கண்ணன் எழுந்து வந்துவிடுவானா என்று அம்மா கேட்பாள். “டேய் ஊமை, நீ சொல்லு, யாரு பேசறது சரி?” என்று அவர் என்னை முழங்கையால் இடிப்பார். வாயைத் திறந்தால் வாந்தி வந்துவிடும் என்று நான் திறக்க மாட்டேன். மலை வளைவுகள் எங்கள் வீட்டில் யாருக்கும் ஒத்துக்கொள்ளாது, அதிலும் சேகர் ரொம்ப மோசம். அம்மா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வாதாடுவாள். “சீட்டுல வாந்தி எடுத்து வச்சிடாதக்கா, தவுக்கே என்னையத் தூக்குல போட்டுருவான்” என்பார் மாணிக்கம் அண்ணன், அம்மா சிரித்துவிடுவாள். அந்த நாட்களில் அவள் சிரித்து நான் பார்த்தது அந்த லோரியில் மட்டும்தான்.

மனு தள்ளுபடியானது. கடைசியாக வந்து பார்க்கச் சொல்லிச் சிறையிலிருந்து தகவல் வந்தபோது, மாணிக்கம் அண்ணன் தவுக்கேயிடம் கெஞ்சி லோரியைக் காலியாக வாங்கி, அழுகிய இலைகளைக் கூட்டித் தள்ளி, சோப்புப் போட்டுக் கழுவி, புதுக் கித்தான் விரித்துக் கொண்டுவந்து நிறுத்தினார். கித்தான் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. போய்ப் பார்த்த மறுநாள் விடியலில் தூக்கு முடிந்தது, காலையில் சேகரை அதில்தான் ஏற்றினோம்.

லோரி தாப்பாவுக்கு வந்தது. மலை ஏறத் தொடங்கியதும் அம்மா கேட்டாள்: “இப்போ கண்ணனுக்குச் சரியாப் போச்சா தம்பி?” குத்தலாக அல்ல, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ஒண்ணும் சரியாகலக்கா” என்றார். “ஆனா நான் சொன்னத இல்லேன்னு சொல்ல மாட்டேன்.”

“சொல்ல வேணாம். வண்டிய மெதுவா ஓட்டு. வளைவு அவனுக்கு ஒத்துக்காது.”

அவர் கியரைக் குறைத்தார். அந்த லோரி அவ்வளவு மெதுவாகப் போய் நான் பார்த்ததில்லை. பின்னால் வண்டிகள் வரிசையாகச் சேர்ந்து ஹார்ன் அடித்தும் அவர் வேகம் கூட்டவில்லை. ரிங்லெட் தாண்டித் தோட்டத்துச் சாலை பிரியும் இடத்தில், அம்மாவைக் கண்டால் மழையைப் பற்றிப் பேசியவர்கள் எல்லாரும் மழையிலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்கள்தான் தோள் கொடுத்தார்கள்.

இன்று அந்த லயம் இல்லை, அம்மாவும் மாணிக்கம் அண்ணனும் இல்லை, கொழுந்து பறிப்பவர்கள் வேறு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். சட்டமும் மாறி, தூக்கா சிறையா என்று நீதிபதியே முடிவு செய்யலாம் என்றாகிவிட்டது. காப்பிக் கடையில் அதைப் பற்றிச் சத்தமாகப் பேசுகிறார்கள், சில சமயம் என் பக்கம் திரும்பிக் கேட்கிறார்கள். ஆறாம் வகுப்போடு நின்ற எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது என்பதால் இங்கே எழுதுகிறேன். தூக்கு வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். ஆனால் வேண்டும் என்று சொல்பவர்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. அப்படிச் சொன்ன ஒருவர்தான் என் அண்ணனை எந்த வளைவிலும் குலுங்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.