ஹாப்ஸ் கொடியை மிரட்டிய ஞாயிற்றுக்கிழமை

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டில் நாங்கள் குடியிருந்த வீட்டின் பின்பக்கத் தோட்டத்தில் பாதி என்னுடையது, பாதி கிழவருடையது. கிழவர் என்றால் வீட்டின் சொந்தக்காரர். டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள். மாடியில் தனியாக இருந்தார். கீழே நானும் என் கணவரும். இவர் அங்கே பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். என்ன ஆராய்ச்சி என்று கேட்டால், இரும்பு எப்படி உடைகிறது என்று பார்க்கிறோம் என்பார். போட்டு அடித்தால் உடையும், இதைப் பார்க்கவா கடல் தாண்டி வந்தோம் என்று நான் கேட்டேன். அதை இவர் கடைசிவரைக்கும் மன்னிக்கவில்லை.

நான் நாலாம் வகுப்போடு நின்றவள். இதைக்கூட எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். அதனால் என்ன, எனக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை, மெதுவாகவே எழுதுகிறேன். ஆனால் கையில் ஒரு பிடி விதையும் காலடியில் கொஞ்சம் மண்ணும் இருந்தால் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த ஊர்க் கடை எதிலும் கொத்தமல்லித்தழை கிடைக்காது. என் பாதியில் கொத்தமல்லி இருந்தது, வெந்தயக்கீரை இருந்தது, குச்சி ஊன்றி ஏற்றிய அவரை இருந்தது. அது இல்லாவிட்டால் உருளைக்கிழங்கைத் தின்றே நான் உருளைக்கிழங்காகியிருப்பேன்.

கிழவரின் பாதியில் ஒரே ஒரு செடி. ஹாப்ஸ் கொடி. பீருக்குக் கசப்பும் வாசனையும் கொடுப்பது அதன் காய்தான். காய் என்றால் கத்தரிக்காய் போல நினைக்க வேண்டாம். செதில் செதிலாக, பச்சைக் காகிதத்தில் செய்த மொட்டு மாதிரி இருக்கும். தன் கொடியில் காய்த்ததைப் போட்டுத் தன் கையால் பீர் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது கிழவரின் ஆசை. அதற்காக மதிலோரம் இரண்டு உயரமான கம்பங்களை நட்டு, மேலே குறுக்குக் கட்டை வைத்து, அதிலிருந்து கயிறுகளைத் தொங்கவிட்டிருந்தார். நாம் புடலைக்குப் போடுகிற பந்தலைத் தூக்கி நிறுத்தி வைத்ததுபோல இருக்கும். கொடி இரண்டு கோடை அதில் ஏறி இறங்கியது. ஒரு காய் காய்க்கவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, நானும் உதவினேன். தளிர் கயிற்றை விட்டு விலகித் தொங்கினால், அவரையைச் சுற்றிவிடுவதுபோலச் சுற்றிவிடுவேன். மறுநாள் பார்த்தால் அவிழ்ந்து கிடக்கும். திரும்பச் சுற்றுவேன், திரும்ப அவிழும். ஒருநாள் கிழவர் மாடியிலிருந்து பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். இறங்கி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டி விரலைச் சுழற்றினார். அவரைக்கொடி ஒரு பக்கமாகச் சுற்றினால் ஹாப்ஸ் அதற்கு எதிர்ப்பக்கமாக, கடிகார முள் போகிற பக்கம் சுற்றுமாம். இந்த நாட்டில் செடிகூட மணி பார்த்துத்தான் ஏறும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

கிழவருக்கு ஒரு மகள், அவளுக்கு ஒரு கணவன். அந்த மருமகன் புதுக் கார் வாங்கியிருந்தான். காரை மழையில் நிறுத்த அவனுக்கு மனசு வரவில்லை. மாமனாரை மழையில் நிறுத்தச் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். ஞாயிறுதோறும் கேக் வாங்கிக்கொண்டு வருவான். கேக்கைத் தின்றுகொண்டே தோட்டத்தைக் கண்ணால் அளப்பான். முழுத் தோட்டத்துக்கும் சிமெண்ட் போட்டுக் காருக்குக் கொட்டகை கட்ட வேண்டும் என்று நச்சரித்தான். கடைசியில் கிழவரும் வாக்குக் கொடுத்துவிட்டார்: இந்தக் கோடையிலும் ஹாப்ஸ் காய்க்காவிட்டால் கொட்டகை. அதாவது என் கொத்தமல்லியும் அவரையும் சிமெண்டுக்கு அடியில்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன்.

“என்னங்க, அந்தக் கொடியை மிரட்டணும். நீங்க கத்தியை ஓங்குங்க, நான் கெஞ்சறேன்.”

காய்க்காத மரத்துக்கு நம் ஊரில் செய்கிற வைத்தியம்தான். ஒருவர் அரிவாளை ஓங்கி வெட்டப்போகிறேன் என்று கத்துவார். இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, இந்த ஒரு தடவை விட்டுவிடுங்கள், கட்டாயம் காய்க்கும் என்று மரத்துக்காக ஜாமீன் நிற்பார். மரம் கேட்டுக்கொண்டிருக்கும். பயந்து காய்க்கும்.

“நான் இங்க ரிசர்ச் பண்ண வந்தவன், செடிகிட்ட சண்டை போட வரலை. யாராவது பாத்தா டிபார்ட்மெண்ட்ல என் மானம் போயிடும்” என்றார்.

“சண்டை போடத் தெரியாதுன்னு சொல்லுங்க. எங்கிட்ட மட்டும் நல்லாத் தெரியுது.”

சரி, செடிக்குச் சொந்தக்காரன் மிரட்டினால் இன்னும் பலிக்கும் என்று கிழவரையே பிடித்தேன். என்னிடம் இருந்த ஜெர்மனில் காய்கறி வாங்கலாம், வானிலை பேசலாம், அவ்வளவுதான். அதனால் இவர் சமையலறை ஜன்னலுக்குள் நின்று, முகத்தை மட்டும் காட்டி, கிழவருக்கு மொழிபெயர்த்தார். கிழவர் முழுவதையும் கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டு ஒரு சந்தேகம் கேட்டார்.

“செடியை எந்த பாஷைல திட்டணும்னு கேக்கறார்” என்றார் இவர்.

“இந்த மண்ணுல வளர்ந்தது, ஜெர்மன்லயே திட்டச் சொல்லுங்க. கெஞ்சறது தமிழ்ல நான் பாத்துக்கறேன்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், புல் அறுக்கிற அரிவாளை எடுத்துக்கொண்டு கிழவர் வந்து நின்றார். முதலில் கூச்சப்பட்டு ஏதோ முனகினார். சத்தமா, சத்தமா என்று நான் கையால் காட்டினேன். பிறகு தொண்டையைத் திறந்தார் பாருங்கள்! டிராமில் இத்தனை வருஷம் பயணிகளைத் திட்ட முடியாமல் அடக்கி வைத்திருந்ததெல்லாம் அந்தக் கொடியின் தலையில் இறங்கியது. முகம் சிவந்துவிட்டது. அரிவாள் உச்சிக்குப் போய்விட்டது. நான் அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினேன்.

“ஐயா, வேண்டாங்கையா! பச்சப்புள்ளைங்கையா! இந்த ஒரு தடவை விட்டுருங்க! நான் பொறுப்புங்கையா!”

பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அந்த வீட்டுக்காரி தலையை நீட்டி, “இன்னைக்கு ஞாயித்துக்கிழமை! சத்தம் போடக் கூடாது!” என்று அதட்டிவிட்டு மூடிக்கொண்டாள். ஒரு கிழவன் அரிவாளோடு நிற்கிறான், சேலை கட்டிய ஒருத்தி கதறுகிறாள். அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டம்தான் பெரிதாகத் தெரிந்தது. திங்கட்கிழமை என்றால் வெட்டியிருக்கலாம் போல.

சரியாக அந்த நேரத்தில் மருமகன் கேக்கோடு உள்ளே வந்தான். மாமனார் குடித்தனக்காரியை வெட்டுகிறார் என்றே நினைத்துவிட்டான். கேக் எங்கே போனதென்று தெரியாது. பாய்ந்து வந்து கிழவரைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்து இழுத்தான். ஓங்கிய கை கீழே வந்தது. அரிவாள், ஒரே வேரிலிருந்து ஏறியிருந்த மூன்று கொடிகளில் தடித்ததாகப் பார்த்து, அடியோடு அறுத்துவிட்டது.

கிழவர் மருமகன் பக்கம் திரும்பினார். கொடியைத் திட்டியது ஒத்திகைதான் என்று அப்போதுதான் தெரிந்தது.

இவர் ஓடி வந்து, தன் நல்ல ஜெர்மனில், இது எங்கள் நாட்டு விவசாய முறை என்று மருமகனுக்கு விளக்கம் சொன்னார்.

“என்ன சொல்றான்?” என்றேன்.

“டாக்டரைக் கூப்பிடவான்னு கேக்கறான்.”

“யாருக்காம்?”

“நம்ம மூணு பேருக்கும்.”

வேடிக்கை அதோடு முடிந்தது. அறுபட்ட கொடி சீக்கிரமே வாடிக் கயிற்றில் பழுப்பாகத் தொங்கியது. மருமகன் அதைப் பார்த்துப் பார்த்து மகிழ்ந்தான். அடுத்த முறை வந்தபோது அளவு நாடா கொண்டுவந்து என் பாத்தியின் நடுவே போட்டு அளந்தான். கொத்தமல்லி மேல் காலை வைக்காதே என்று தமிழில் சொன்னேன், காலை எடுத்தான். மிச்சமிருந்த இரண்டு கொடிகளுக்கும் புளித்த மோரில் பெருங்காயம் கரைத்து வேரில் ஊற்றினேன். அந்த நாற்றத்துக்குப் பக்கத்து வீட்டு ஜன்னல் வாரம் முழுவதும் திறக்கவில்லை. செடிக்கு என்ன செய்ததோ, அது ஒரு லாபம். ஆனால் காலையில் எழுந்ததும் முதலில் அந்தக் கயிற்றைத்தான் பார்ப்பேன். அந்த ஊரில் என் பேச்சைக் கேட்டது அந்த மண் ஒன்றுதான்.

ஆகஸ்டு பாதியில் ஒருநாள் கிழவர் ஏணி மேலிருந்து கூப்பாடு போட்டார். நான் அடுப்பை அப்படியே விட்டு ஓடினேன். குறுக்குக் கட்டையை ஒட்டி, உச்சியில், கொத்துக் கொத்தாகக் காய். ஒன்றைப் பறித்து உள்ளங்கையில் கசக்கி என் மூக்கருகே நீட்டினார். மஞ்சள் பொடி ஒட்டியிருந்தது. எலுமிச்சையும் பூண்டும் சேர்ந்தாற்போல ஒரு வாசனை. கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான், ஆனால் நான் கொத்தமல்லியை நினைத்து.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் நாடாவோடு வந்தான். கிழவர் அவன் கையில் ஒரு காயை வைத்து, “நைன்” என்றார், முடியாது என்று. அவ்வளவுதான் பேச்சு. கார் அந்தக் குளிர்காலமும் தெருவில்தான் நின்றது.

தன் திட்டில்தான் காய்த்தது என்றார் கிழவர். என் கெஞ்சலில்தான் என்றேன் நான்.

“ஹாப்ஸ் நல்லாக் காய்க்க மூணு வருஷம் ஆகும், புக்லயே இருக்கு” என்றார் இவர்.

“அந்தப் புக்கை அந்தச் செடி படிச்சுதா?”

கிழவர் பீர் காய்ச்சினார். நான் தொடவில்லை. மரியாதைக்கு ஒரு வாய் என்று இவர் மாடிக்குப் போனார். மரியாதை கூடிக்கொண்டே போய், இறங்கும்போது படியெல்லாம் பாட்டு.

பனி விழுவதற்கு முன்னால் கிழவர் மண்வெட்டியோடு வந்தார். இரண்டு பாதிக்கும் நடுவில் கட்டியிருந்த எல்லைக் கயிற்றை முளையோடு பிடுங்கி, தன் பக்கம் நாலடி தள்ளி நட்டு, அந்த இடத்தைத் தானே கொத்திக் கொடுத்தார். நான் நன்றி சொல்லவில்லை. ஜாமீன் நின்றவள் நான்தானே. அடுத்த கோடையில் அங்கே முள்ளங்கி போட்டேன்.