பெறுநர் இல்லாத அபராதம்

நீங்கள் உங்கள் பாட்டுக்கு உட்கார்ந்திருக்கிறீர்கள். யாரோ ஒருவர் "காவல்துறை" என்று முத்திரை போட்ட ஒன்றை உங்கள் முகத்துக்கு நேரே நீட்டுகிறார். "நான் என்ன செய்தேன்?" என்று அவரைக் கேட்பீர்களா, உங்களையே கேட்டுக்கொள்வீர்களா? அவசரப்பட்டுப் பதில் சொல்ல வேண்டாம். மனு அக்காவுக்கு நடந்ததைப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

நீதிமன்ற வாசலுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் செருப்புக் கடைக்கும் நடுவில் ஓர் அறை. இரண்டு நாற்காலி போட்டால் மூன்றாவது ஆள் நின்றுகொண்டுதான் பேச வேண்டும். அதில் இருபத்திரண்டு ஆண்டுகளாக மற்றவர்களுக்கு மனுக்களைத் தட்டச்சு செய்து கொடுக்கிறார். அவரைவிட மூத்தவர்களும் அவரை மனு அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓய்வூதியம் நின்றுவிட்டது, வீட்டைப் பூட்டி வெளியே தள்ளிவிட்டார்கள், தம்பியைக் காணவில்லை என்று வருகிறவர்கள் அரைமணி நேரம் அழுது சொல்வதை நான்கு வரியில் இறக்கிவிடுவார்.

"அழுகையை இங்கயே வச்சிட்டுப் போங்க. பேப்பர்ல தேதி போகட்டும்" என்பார்.

தேதி என்றால் அவருக்கு உயிர். அலுவலகத்திலிருந்து வந்த கடிதத்தை யாராவது நீட்டினால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க மாட்டார். எண் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, கையெழுத்துக்குக் கீழே பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பும்.

அவர் கணவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவில் இன்னும் டிரைவர்தான். மதியம் அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு முதுகை நீட்டிவிட்டு வரும் இரண்டு மணி நேரம் கடையில் அவர் உட்காருவார். தட்டச்சு தெரியாது. கம்ப்யூட்டரில் மலைப்பாதையில் பேருந்து வளைந்து திரும்பும் படங்களாகத் தேடிப் பார்ப்பார். முப்பது வருடம் ஓட்டியது போதவில்லை போலிருக்கிறது.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா திரும்பி வந்தபோது கம்ப்யூட்டர் மேல் துணி போர்த்தியிருந்தது.

"என்னங்க, பட்டப்பகல்ல மூடி வச்சிருக்கீங்க?"

"தூசி."

"இதை வாங்கிப் பதினோரு வருசமா இல்லாத தூசி இன்னிக்கு எங்கிருந்து வந்துச்சு?"

டிரைவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அக்கா துணியை விலக்கினார்.

திரை முழுக்கக் காவல்துறைச் சின்னம். "தடைசெய்யப்பட்ட ஆபாசப் படங்களைப் பார்த்த குற்றத்துக்காக இந்தக் கணினி முடக்கப்பட்டுள்ளது. அபராதத்தை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் கடையில் பரிசு அட்டை (கிஃப்ட் கார்டு) வாங்கி, அதன் எண்ணைக் கீழே பதிவு செய்து செலுத்தவும். தவறினால் கைது." ஓரத்தில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருந்தது. இன்னொரு ஓரத்தில், விண்ணப்பங்களுக்குப் படம் எடுக்க வாங்கிய கேமராவில் பதிவான டிரைவரின் முகம். வாயில் பாதி வாழைப்பழம். கண்கள் இரண்டும் பிதுங்கி நின்றன. எந்த விசையை அழுத்தினாலும் திரை நகரவில்லை. அணைத்துப் போட்டாலும் அதே முகம், அதே வாழைப்பழம்.

அக்கா என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? துணியை எடுத்து மறுபடி போர்த்தினார். காத்திருந்தவர்களிடம் "கரண்ட் சரியில்ல, நாளைக்கு வாங்க" என்றார்.

கணவனும் மனைவியும் ஒரே துணியால் ஒரே திரையை மூடினார்கள். இருவரும் ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் டிரைவர் தலை குனிந்தபடி சாப்பிட்டார். அக்கா குழம்பை ஊற்றும்போது தட்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. இந்த மனுஷனா, இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாமலா என்று மனம் பழைய நாட்களையெல்லாம் கிளறிக்கொண்டிருந்தது. இந்தத் திரையை அனுப்பியவனுக்கு வேண்டியது இதுதான். திருட்டுப் பட்டம் கட்டியிருந்தால் டிரைவர் சண்டைக்குப் போயிருப்பார். இந்தப் பட்டத்தை வாய்விட்டு மறுப்பதற்கே நாக்கு கூசும். எங்கோ முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் ஓர் அயோக்கியன் அந்தக் கூச்சத்தில் பிழைப்பு நடத்துகிறான்.

மறுநாள் காலை அக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். மேசைக்கு அடியில் கிடந்த பழைய தட்டச்சு இயந்திரத்தை இழுத்துத் துடைத்துத் தாளைச் செருகினார். கணவனை மன்னிக்கச் சொல்லி மனு. ஊருக்கெல்லாம் அடித்துக் கொடுத்தவர் முதல் தடவையாகச் சொந்த வீட்டுக்கு அடிக்கிறார்.

அனுப்புநர் என்று அடித்துப் பெயர், முகவரி போட்டார். அடுத்து, பெறுநர். விரல்கள் நின்றன.

பெறுநர் யார்?

துணியை விலக்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வேறு யாரோ நீட்டிய கடிதத்தைப் படிப்பதுபோலத் திரையைப் படித்தார். எந்த நிலையம் என்று இல்லை. அதிகாரியின் பெயர் இல்லை. வழக்கு எண் இல்லை. தேதியும் இல்லை.

அதே நேரம் டிரைவர் உள்ளே வந்தார். சட்டைப் பையிலிருந்து பளபளவென்று ஒரு பரிசு அட்டையை எடுத்தார். அதன் விலை ஏறக்குறைய கடையின் ஒரு மாதச் சம்பாத்தியம்.

"கொஞ்சம் நகரு. ஒரு நம்பர் போடணும்."

"அதை வைங்க கீழ. கட்டிட்டா செஞ்சேன்னு ஒத்துக்கிட்ட மாதிரி. எந்த ஸ்டேஷன்னு சொல்லுங்க, அப்புறம் கட்டுங்க."

"போலீஸ்னுதானே போட்டிருக்கு."

"முப்பது வருசம் வண்டி ஓட்டினீங்களே, ரசீது இல்லாம எங்கயாவது அபராதம் கட்டியிருக்கீங்களா?"

டிரைவர் அவரை விசித்திரமாகப் பார்த்தார். "ரசீது இல்லாமத்தான் எல்லா இடத்துலயும் கட்டியிருக்கேன். அதனாலதான் நிஜப் போலீஸ்னு நம்பினேன்."

அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்தபின்தான் கேட்க முடிந்தது.

"நேராக் கேக்கறேன். என்ன பாத்தீங்க?"

"பஸ்ஸுதான். கொண்டை ஊசி வளைவுல ஒரு நீள வண்டி திரும்புது. பாதில நின்னுபோய், மீதியப் பாக்கணும்னா இதை அமுக்குன்னு வந்துச்சு. அமுக்கினேன்."

"பஸ் பாத்ததுக்கா நான் நேத்துலேர்ந்து சோறு இறங்காம கெடந்தேன்? நேத்தே சொல்லியிருக்கலாம்ல?"

"நீ நேத்தே கேட்டிருக்கலாம்ல?"

அக்கா அவர் கையிலிருந்த அட்டையை வாங்கி மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார்.

டிரைவர் நம்பியதில் முட்டாள்தனம் எதுவும் இல்லை. சாலையோரம் கை நீட்டும் சீருடைக்கு முப்பது வருடம் காரணம் கேட்காமல் கொடுத்துப் பழகிய கை அது. அந்தப் பயத்தைத் திருடன் புதிதாக உண்டாக்க வேண்டியிருக்கவில்லை. நாம் விளைத்து வைத்திருந்ததை அறுத்துக்கொண்டு போக வந்தான்.

செருகிய தாளை உருவி எறிந்துவிட்டு அக்கா புதுத் தாள் போட்டார். இந்த முறை பெறுநர் இருந்தார்: நிஜக் காவல் நிலைய ஆய்வாளர். பொருள்: தங்கள் துறையின் பெயரில் மிரட்டிப் பணம் பறிக்க முயன்றது குறித்துப் புகார். திரையைப் படம் பிடித்து, பிரதி எடுத்து இணைத்தார். வாழைப்பழத்தோடு இருந்த முகத்தை வெட்டிவிடலாமா என்று டிரைவர் கெஞ்சினார். "அதான் ஆதாரம்" என்று சொல்லிவிட்டார்.

நிலையத்தில் எழுத்துவேலை பார்க்கும் காவலர் தாளைப் புரட்டிவிட்டுத் திருப்பி நீட்டினார். "ஏம்மா, திரையில வர்றதுக்கெல்லாம் கேஸ் போட்டா நாங்க எப்ப வீட்டுக்குப் போறது?"

"உங்க சின்னத்தைப் போட்டு ஊர்ல வசூல் பண்றான். உங்களுக்குக் கோவம் வரல? எனக்கு வருது. எண் போட்டு ரசீது குடுங்க, போயிடறேன்."

காவலர் அந்தப் பிரதியை இன்னொரு தடவை பார்த்தார். குரலைத் தணித்தார். "எங்க மச்சான் இதே மாதிரி ஒண்ணுக்குக் கட்டிட்டாரு. ஒரு தடவை இல்ல, மூணு தடவை. திரை திறக்கவே இல்ல. போலீஸ்ல நான் ஒருத்தன் இருக்கேன், என்கிட்ட வாயைத் திறக்கல."

ரசீது எழுதினார். எண், தேதி, கையெழுத்து, கீழே பெயர். அக்கா நான்கையும் சரிபார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

கம்ப்யூட்டரைப் பழுது பார்க்கிறவர் தான் கொண்டுவந்த குறுந்தகட்டிலிருந்து அதை இயக்கி, ஒரு மணி நேரத்தில் அந்தத் திரையை நீக்கினார். "வாசலைத்தான்க்கா மறிச்சிருக்கான். உள்ள உங்க மனுவெல்லாம் அப்படியே இருக்கு. இதுவே வேற ஒரு வகை வந்திருந்தா உள்ள புகுந்து எல்லாத்தையும் பூட்டியிருப்பான். தனியா ஒரு நகல் எடுத்து வையுங்க." அன்றே எடுத்தார்கள். திருடன் இன்னும் பிடிபடவில்லை. எண்ணை மறைக்கும் பூச்சைச் சுரண்டாத அந்தப் பரிசு அட்டை அக்காவின் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது. டிரைவர் பேருந்துப் படம் பார்க்கிறார், பாதியில் நின்றால் விட்டுவிடுகிறார்.

இந்தப் பக்கத்தை மூடியதும் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் வீட்டில் திரை பார்க்கும் ஒவ்வொருவரிடமும், வயது பார்க்காமல், இதைச் சொல்லுங்கள்: "போலீஸ்னு மிரட்டி எது வந்தாலும் பணம் கட்டாதே, துணி போட்டு மூடாதே. என்னைக் கூப்பிடு. நான் திட்ட மாட்டேன்." அவர்கள் கூப்பிடும் நாளில், திட்டாமல் இருங்கள்.