அந்தோணியாருக்குப் பின்னால் ஒரு கவர்

அழுத்தக்காரி என்று எனக்கு வீட்டில் ஒரு பட்டம் உண்டு. வாயைத் திறக்காமல் காரியத்தைச் செய்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் போல் உட்கார்ந்திருப்பவள் என்று அர்த்தம். ஒன்பது வயதில், ஒரு புனித வாரத்துப் புதன்கிழமை காலையில் வாங்கிய பட்டம் அது. நியாயமாகப் பார்த்தால் அன்றைக்கு அதில் அப்பாவுக்கும் பங்கு இருந்தது.

நாங்கள் பொன்மலையில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஒர்க்‌ஷாப்பில் இரும்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸுக்குப் போய்வந்து கூடத்துக் கட்டிலில் சுருண்டு கிடந்தார். கையில் ஊசி குத்த இனி இடமில்லை, சீக்கிரம் வேறு கிட்னி வைத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவுடையது பொருந்தியது. டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் அம்மா சரி என்றாளாம். அப்பா முடியவே முடியாது என்று மூன்று வாரம் முரண்டு பிடித்துவிட்டு, கடைசியில் சோர்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார்.

மிச்சம் இருந்தது அனுமதிக் குழு. ஆஸ்பத்திரியில் இருவரையும் உட்காரவைத்து, நிஜமாகவே புருஷன் பெண்டாட்டிதானா, யாரும் வற்புறுத்தாமல் தானாகத்தான் கொடுக்கிறாளா என்று விசாரிப்பார்கள். அதற்குக் கல்யாணச் சான்றிதழின் ஒரிஜினல் வேண்டும். மணப்பாறைப் பக்கம் தன் ஊர்க் கோயிலில் வாங்கிவந்த சான்றிதழை, மற்ற ரிப்போர்ட்டுகளோடு நீளமான பழுப்புக் கவரில் போட்டு அம்மா பீரோவில் வைத்திருந்தாள். தொலைந்துவிட்டால் என்ன செய்வது என்று ஜெராக்ஸ் எடுத்து, அதையும் அதே கவரில் போட்டு வைத்தாள். எங்கள் குடும்பத்துச் சாமர்த்தியம் அவ்வளவுதான்.

அந்தப் புதனுக்கு முந்தின குருத்து ஞாயிறன்று மறைக்கல்வி வகுப்பில் டீச்சர் பலியைப் பற்றி நடத்தினார். அந்தக் காலத்தில் ஜனங்களின் பாவத்துக்காக ஆட்டுக்குட்டியைப் பலியிட்டார்கள், பிறகு இயேசுவே ஆட்டுக்குட்டியாக வந்தார், அவர் உயிரைக் கொடுத்ததால்தான் நமக்கு மீட்பு என்றார். கடவுள்தானே, மன்னித்தேன் என்று வாயால் சொன்னால் போதாதா, எதற்கு ஒருவர் சாக வேண்டும் என்று நான் கேட்டேன். அதற்கு டீச்சர், வாயால் சொல்லிவிட்டுப் போவது சுலபம், தன்னையே கொடுப்பதுதான் அன்பு என்றார். நான் விழிப்பதைப் பார்த்து, சுவரில் சிலுவையோடு இருந்த பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினார்.

"உங்க அம்மா உங்க அப்பாவுக்குச் செய்யப்போறாங்கல்ல, அதேதான் இது."

பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் ஒரு கிட்னியோடு மனுஷர்கள் நன்றாக இருக்கலாம் என்று வீட்டில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. நான் வந்தாலே பேச்சை நிறுத்திவிடுவார்கள். சிலுவையில் தொங்குபவர் உயிரோடு இறங்கி வந்ததாக அன்றைய பாடத்தில் இல்லை. உயிர்ப்பு அடுத்த ஞாயிற்றுப் பாடம்.

தவக்காலத்தின் கடைசி இரண்டு வாரம் கோயிலில் சுரூபங்களை ஊதாத் துணியால் மூடிவிடுவார்கள். அதைப் பார்த்து அம்மாவும் கூடத்து அலமாரித் தட்டில் இருந்த அந்தோணியாரை ஊதா ஜாக்கெட் துணியால் மூடியிருந்தாள். ஈஸ்டருக்கு முந்தின பாஸ்கா இரவு வரைக்கும் அந்தத் துணியை யாரும் தொடக் கூடாது. எனக்கு அதைவிடப் பத்திரமான இடம் தெரியவில்லை. அந்த ஞாயிறு மத்தியானமே அம்மா மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள், அப்பா கட்டிலில் கண்ணை மூடிக் கிடந்தார். ஸ்டூலில் ஏறி, பீரோவிலிருந்து எடுத்த கவரை அந்தோணியாரின் முதுகுக்குப் பின்னால் சொருகிவிட்டு இறங்கினேன்.

புதன்கிழமை காலை ஒன்பதுக்கு ஆட்டோ சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கு அம்மா பீரோவைத் திறந்தாள். பிறகு புடவைகளெல்லாம் தரையில் கிடந்தன, மெத்தை புரண்டது, அரிசி டின் வரைக்கும் கை போனது. நீ பார்த்தியா என்று என்னைக் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். ஒரிஜினல் இல்லாமல் வர வேண்டாம், அடுத்த கூட்டம் ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள். வேறு சான்றிதழ் கேட்கலாம் என்றால் ஊர்ப் பங்குச் சாமியார் போனை எடுக்கவில்லை.

அப்பா மட்டும் பதறவில்லை. கட்டிலில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைப் போட்டபடி, கிடைக்காவிட்டால் விடு, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்.

"அடுத்த மாசம் வரைக்கும் நீங்க..." என்று தொடங்கிய அம்மா, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அதுவரை அம்மா செத்துவிடுவாள் என்பது மட்டும்தான் என் மனசில் இருந்தது. இப்போது அப்பாவின் கால்களைப் பார்த்தேன். வீங்கி, செருப்புக்குள் நுழையாமல் இருந்தன. ஒருத்தரைக் காப்பாற்றினால் இன்னொருத்தர் போய்விடுவார் என்று அப்போதுதான் புரிந்தது.

தொலைந்ததைக் கண்டெடுத்துக் கொடுப்பது அந்தோணியாரின் வேலை. எங்கள் வீட்டுச் சாவி, பக்கத்து வீட்டுக் கோழி எல்லாம் அவர் தயவில் கிடைத்தவை. அம்மா அவர் முன்னால் போய்க் கைகூப்பி நின்று, தட்டின் விளிம்பில் நெற்றியை வைத்தாள். "அந்தோணியாரே, கண்ணுல காட்டிடுங்க." கவரின் பழுப்பு மூலை துணிக்கு வெளியே, அவள் உச்சந்தலைக்கு நேர் மேலே நீட்டிக்கொண்டிருந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். வாசலில் ஆட்டோ வந்து ஹாரன் அடித்தது.

"அம்மா, குடுத்தா நீ செத்துப்போயிருவியாம்மா?"

கேட்டதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அம்மா பதில் சொல்வதற்குள் ஸ்டூலில் ஏறி, துணியை விலக்கி, கவரை எடுத்துக் கொடுத்தேன். அறை விழும் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. தட்டைப் பார்த்தாள், அதற்கு நேரெதிரே இருந்த கட்டிலைப் பார்த்தாள்.

"இவ வச்சப்ப நீங்க முழிச்சிக்கிட்டுதானே இருந்தீங்க?"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

"மூணு நாளா தெரிஞ்சும் வாயைத் திறக்கல. சாகறதுக்குத் துணிஞ்சிட்டீங்க. உங்களை யாரு கேட்டா?"

"உன்னை மட்டும் யாரு கேட்டா?" என்றார் அப்பா.

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்து, அவர் காலைப் பிடித்து ஒவ்வொன்றாகச் செருப்புக்குள் நுழைத்தாள். அவர் அவள் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரைத் தூக்கி நிறுத்தி, கவரை அக்குளில் இடுக்கிக்கொண்டு, என்னைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுப் போனாள்.

அனுமதி கிடைத்தது, ஆபரேஷனும் நடந்தது. இருவரும் இன்றைக்கும் சேர்ந்து என் பிராணனை வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். ஆனால் அன்று பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு ஒரே கவலைதான். என்னால் அவர்களுக்குள் பெரிய சண்டை வந்துவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல், ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு ஆட்டோவில் போகிறார்கள். இந்த மூஞ்சியோடு போய் நின்றால், இவர்கள் புருஷன் பெண்டாட்டிதான் என்று அங்கே யார் நம்பப்போகிறார்கள்.