இன்ஜின் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தேங்காய்

புதன்கிழமை காலைகளில் மட்டும்தான் வேலை நேரத்தில் நான் தமிழ் பேசினேன். அதுவும் கூட்டம் முடிந்து மற்றவர்கள் இணைப்பிலிருந்து போன பிறகு, சில நிமிடங்கள்.

ஜெர்மனியில் நாங்கள் குடியிருக்கும் கார்ஹிங்கிலிருந்து பஸ்ஸில் போகும் தூரத்தில் இருக்கிறது எங்கள் நிறுவனம். ஆளில்லா விமானங்களுக்கான சிறிய பெட்ரோல் இன்ஜின்கள் செய்கிறார்கள். இரண்டு கைகளால் தூக்கிவிடலாம், என் மகளைவிடக் கொஞ்சம்தான் கனம். வாங்குகிறவர்களோடு பேசுவதும், ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறதென்று சொல்வதும், சொல்லக்கூடாததைச் சொல்லாமலிருப்பதும் என் வேலை. குழந்தை பிறந்த பிறகு கிடைத்த முதல் வேலை. நிரந்தரம் ஆகவில்லை. குழந்தைகள் காப்பகத்தில் மற்ற அம்மாக்கள் கேட்டால் மோட்டார் கம்பெனி என்று மட்டும் சொல்வேன். அது பொய்யில் சேருமா என்று வீடு வரும் வரை யோசித்துக்கொண்டிருப்பேன்.

கணவருக்கு டார்ம்ஸ்டாட்டில் வேலை. வெள்ளிக்கிழமை வந்து ஞாயிறு மாலை போய்விடுவார். இரண்டு வயது மகளிடம் நான் தமிழில் பேசுவேன். அவள் ஜெர்மனில் பதில் சொல்வாள். எதிர்வீட்டு அம்மாள் மாடிப்படியில் வணக்கம் சொல்வார், அதற்கு மேல் பேசமாட்டார். குறை சொல்லவில்லை. இங்கே அதுதான் மரியாதை.

புதன்கிழமைக் குரல் கோயம்புத்தூர்க்காரருடையது. என் அப்பாவைவிடச் சில வயது இளையவராக இருப்பார். நம் ராணுவத்துக்காக வேவு விமானம் செய்யும் சிறிய கம்பெனி ஒன்றில் கொள்முதல் பார்த்தார். இறக்கை, உடல், கட்டுப்பாட்டுப் பலகை எல்லாம் அவர்களே அங்கே செய்துவிட்டார்கள். இன்ஜின் மட்டும் எங்களிடமிருந்து வர வேண்டும். பனிக்காலம் முடிவதற்குள் ராணுவ அதிகாரிகளுக்கு முன்னால் பறந்து காட்ட வேண்டும்.

“பறக்கலைன்னா என்ன சார் ஆகும்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“என்ன ஆகுமுங்க? கடைய மூடிட்டு எல்லாரும் ஸ்பின்னிங் மில்லுக்குப் போக வேண்டீதுதான். எங்க முதலாளி உள்பட” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். “அப்புறம் அம்மிணி, சார் மோரெல்லாம் மீட்டிங்கோட வெச்சுக்கோங்க. பாப்பா சாப்பிட்டாளா?”

சாப்பிட்டாளா என்று கேட்க இந்த நாட்டில் வேறு யாரும் இல்லை. அவர் இந்த நாட்டில் இல்லை என்பது அப்போது எனக்குத் தோன்றவில்லை.

செப்டம்பர் மாதக் கடைசியில் என் மேலதிகாரி என்னை அழைத்தார். ஜெர்மன் ராணுவத்துக்கும் இங்கேயே ட்ரோன் செய்யத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்கும் இன்ஜின்தான் குறை. அதனால் இந்த ஆண்டு செய்யப்போகும் இன்ஜின்கள் எல்லாம் உள்நாட்டுக்கே என்று முடிவாகிவிட்டது. கோயம்புத்தூர் ஆர்டர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. வழக்கறிஞர்கள் பார்த்து முறையான கடிதம் போகிற வரை நான் எதுவும் சொல்லக்கூடாது. பரிசீலனையில் இருக்கிறது என்று மட்டும் சொல்லலாம்.

சரி என்றேன். இரண்டு நாட்டுக்காரர்களும் தங்கள் கையாலேயே விமானம் செய்ய வேண்டும் என்கிறார்கள். இரண்டு பேரும் காத்திருப்பது ஒரே அலமாரிக்கு முன்னால். இதில் யார் பக்கம் நியாயம் என்று பஸ்ஸில் யோசித்தேன். நான் சம்பளம் வாங்குவது இங்கே. அந்த எண்ணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

அடுத்த புதன்கிழமை ஆயுத பூஜை. மகளுக்குக் காய்ச்சல் என்பதால் வீட்டிலிருந்து வேலை செய்தேன். ஆங்கிலத்தில் நடந்த கூட்டத்தில் “பரிசீலனையில் இருக்கிறது” என்று படித்ததுபோல் சொன்னேன். மற்றவர்கள் போனதும் அவர் கேமராவைப் போட்டார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

கொட்டகை வாசலில் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். உள்ளே அவர்களுடைய விமானம். இறக்கை முழுக்கச் சந்தனப் பொட்டு. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம். லேத் மெஷின், துளைபோடும் மெஷின், டீ கொதிக்கும் கெட்டில் எல்லாவற்றுக்கும் குங்குமம். விமானத்தின் பின்பக்கத்துக்கு கேமராவைக் கொண்டுபோனார். இன்ஜின் பொருத்த வேண்டிய கூட்டுக்குள் ஒரு தேங்காய் இருந்தது.

“வெத்தா விடக்கூடாதுன்னு பசங்க வெச்சிட்டானுங்க” என்றார். “நான் சொன்னேன், டேய், இதுல ரெண்டு சிலிண்டர் இல்லீடா, மூணு கண்ணுதான் இருக்குதுன்னு.”

மகள் திரையைத் தொட்டு “பால்” என்றாள். ஜெர்மனில் பந்து. அவர் அதற்கும் சிரித்தார். பிறகு கேமராவைத் தன் முகத்துக்குத் திருப்பினார். நெற்றியில் திருநீறு வியர்வையில் கரைந்திருந்தது.

“அம்மிணி, பூசை நாளு. கமிட்மென்ட் ஒண்ணும் வேண்டாமுங்க. இன்ஜின் வந்துரும்னு வாயால ஒரு நல்ல வார்த்தை மட்டும் சொல்லுங்க.”

எங்கள் வீட்டில் இதற்கு மறுப்பே கிடையாது. நல்ல நாளில் ஒருவர் கேட்டால் நடக்கும், வரும், அமையும் என்று சொல்லிவிட வேண்டும். தீராத நோயாளி கேட்டாலும் அப்படித்தான். யாரும் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொள்வதில்லை, விளக்கேற்றுவது மாதிரி. என் வாய் அதற்குப் பழகிய வாய். ஆனால் நான் வருமென்றால் அவர் காத்திருப்பார். காத்திருந்தால் சோதனை நாள் போய்விடும். வராது என்று சொல்லவும் எனக்கு உரிமை இல்லை.

“பரிசீலனையில் இருக்கு” என்று தமிழில் அவரிடம் எப்படிச் சொல்வது?

ஒன்றும் சொல்லவில்லை. மகள் இருமினாள். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பாவுக்குக் காய்ச்சல் சார்” என்றேன்.

அவர் மெல்லத் தலையாட்டினார். பின்னால் யாரோ மணியடித்தார்கள்.

“சரிங். நீங்க கொழந்தையப் பாருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார்.

மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்கவைத்துவிட்டுக் கணவரை அழைத்து நடந்ததைச் சொன்னேன்.

“நீ எதுவும் சொல்லலைல்ல?”

“இல்ல.”

“அப்ப என்ன ப்ராப்ளம்?”

“சொல்லாம இருந்துட்டேனே. பூஜை அன்னிக்கு.”

“சும்மா இருந்ததுக்கெல்லாம் கம்ப்ளெய்ன்ட் வராதும்மா. ஓவரா திங்க் பண்ணாத” என்றார். அவருக்குக் கூட்டம் இருந்தது.

மனம் கேட்கவில்லை. மறுநாள் மேலதிகாரியிடமே போய்ச் சொன்னேன். வாங்குபவர் கேட்டார், நான் பதில் சொல்லாமலிருந்தேன் என்றேன். “மிகச் சரியாகச் செய்திருக்கிறாய்” என்றார் அவர். அந்த மௌனத்தில் கோயம்புத்தூர்க்காரருக்குத் தெரிந்துபோயிருக்கும் என்று விளக்கப் பார்த்தேன். நேற்று ஒரு பண்டிகை, நல்ல வார்த்தை சொல்லாவிட்டால் அதற்கு ஒரு பொருள் உண்டு என்றேன். ஜெர்மனில் சொல்லச் சொல்ல எனக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான்” என்றார். என் தோளைத் தொட்டு, குழந்தை எப்படி இருக்கிறாள் என்று விசாரித்தார். நல்ல மனுஷி.

அடுத்த புதன்கிழமை கோயம்புத்தூர்க்காரர் வரவில்லை. உடல்நிலை சரியில்லை என்று அவர்கள் பக்கத்து இளைஞன் ஆங்கிலத்தில் சொன்னான். அதற்கடுத்த வாரமும் வரவில்லை. எங்கள் கடிதம் போனது. பெற்றுக்கொண்டோம் என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. நான் பேசியிருக்க வேண்டுமோ, பேசாமலிருந்ததாலேயே அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டேனோ, அல்லது என் நிறுவனத்தையோ என்று மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்க முடியாத கேள்வி அது.

பனி விழத் தொடங்கிய பிறகு, ஆர்டரை முறைப்படி முடித்துக்கொள்ள ஒரு கூட்டம் வைத்தார்கள். அவர் வந்திருந்தார். எல்லாரும் போன பிறகும் இருந்தார்.

“எங்கூர்லயே ஒரு பட்டறையில செஞ்சுட்டோமுங்க” என்றார். “பம்ப்செட் இன்ஜின் செய்யற ஆளுங்க. சூடாவுது, ஆடுது, உங்க இன்ஜின் பக்கத்துல நிக்காது. ஆனா பறந்துருச்சு. ஆர்மிக்காரங்க திட்டிட்டே கையெழுத்துப் போட்டாங்க.”

“எப்ப சார் ஆரம்பிச்சீங்க?”

“பூசை முடிஞ்ச அன்னிக்குச் சாயந்தரமே போயிட்டேனுங்க.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உங்களுக்கு அங்க ஒண்ணும் தொந்தரவில்லீங்களே?”

“இல்ல சார்.”

“பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுருச்சா?”

அது எப்போதோ விட்டிருந்தது. “விட்டுருச்சு அண்ணா” என்றேன். அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“அப்ப சரிங். நல்லா இருங்க.”

இனி அவர்களுக்கு எங்கள் இன்ஜின் தேவையில்லை. அடுத்த ஆண்டும் தேவைப்படாது. நல்ல செய்திதான், கணவரிடம் அப்படித்தான் சொன்னேன்.

அந்தப் புதன்கிழமைக் கூட்டம் மட்டும் என் நாட்காட்டியில் வாராவாரம் தானாகவே வந்துகொண்டிருக்கிறது. அழிக்கப் போனால், இந்த ஒன்றை மட்டுமா, இனி வருகிற எல்லாவற்றையுமா என்று கணினி கேட்கிறது. ஒவ்வொரு புதன்கிழமையும், இந்த ஒன்றை மட்டும் என்று அழுத்துகிறேன்.