அப்பியா ரோட்டுக் கண்டக்டர்

“படாளம், கருங்குழி, மதுராந்தகம், செய்யூர்! ஏறு, ஏறு, உள்ள போய்க்கினே இரு!”

செங்கல்பட்டு பேருந்து நிலையத்தில் இந்தக் குரல் எழுந்தால் அந்தத் தனியார் வண்டி நகரப்போகிறது என்று பொருள். கண்டக்டர் சின்னப்பன் ஓடி வருகிறவர்களுக்காக நிற்கிற ஆளே இல்லை. தூரத்தில் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவதைக் கண்டால் போதும், இரட்டை விசில் கொடுத்துவிடுவார். “அவனுக்கு நின்னு இவனுக்கு நின்னா டைமிங் இன்னாத்துக்கு ஆவறது? வூட்லேர்ந்து நேரத்தோட கெளம்பணும்.”

செய்யூரில் வண்டி காலியானதும் டிரைவர் துரை டீக்குப் போவார். அப்போது சின்னப்பன் படிக்கட்டில் நின்று, அதே ராகத்தில் வேறு ஊர்களைக் கூவுவார். “ரோம், தெர்ராசீனா, காப்புவா, பெனவெந்தோ, தாரந்தோ, பிரிந்திசி! ஏறு, ஏறு!” புதிதாக வந்தவர்கள் மிரண்டு பின்வாங்குவார்கள். பழகியவர்கள், “பிரிந்திசிக்கு ஒண்ணு குடுண்ணே” என்று சீண்டுவார்கள். “சில்லற வச்சிகினு ஏறு” என்பார் அசராமல்.

மனுஷனுக்கு மூளை கலங்கவில்லை. ஒரே மகள் ஜெயப்பிரியா கன்னியாஸ்திரீ. இத்தாலியில் முதியவர்களைப் பராமரிக்கும் சபையில் இருக்கிறாள். முதலில் ரோமில் இருந்தாள். பிறகு தெர்ராசீனாவுக்கு மாற்றினார்கள், அப்புறம் காப்புவா, இப்போது பெனவெந்தோ. அத்தனை ஊரும் ஒரே சாலையில் வருவதை அவள்தான் ஒருமுறை சொன்னாள். ஏசு பிறப்பதற்கு முன்பே ரோமாபுரிக்காரர்கள் போட்ட அப்பியா சாலையாம். பிரிந்திசித் துறைமுகத்தில் போய் முடிகிறதாம். வண்டிச் சக்கரம் ஓடி ஓடிப் பள்ளம் விழுந்த அதன் கருங்கற்களைப் படம் பிடித்தும் அனுப்பியிருந்தாள். “கல்லே தேஞ்சிகீது பாரு. நம்ம ரோடு ஒரு மழைக்குத் தாங்குதா?” என்று பயணிகளிடமெல்லாம் போனை நீட்டுவார்.

கண்டக்டர் மூளைக்கு இது போதாதா? “ஒவ்வொரு ஸ்டேஜா வந்துகினே கீறா, துரை. பிரிந்திசிதான் லாஸ்ட்டு. அதுக்கப்புறம் கடலு. கடலுக்குள்ளயா போடுவாங்க? நம்ம செங்கல்பட்டு மடத்துக்குத்தான் மாத்துவாங்க.” அந்தச் சபைக்குச் செங்கல்பட்டிலும் ஒரு முதியோர் இல்லம் உண்டு. காலையில் வண்டி அதைத் தாண்டும்போது மட்டும் டிக்கெட் கிழிக்கிற கை நிற்கும், தலை வெளியே போகும்.

மனைவி இறந்த பிறகு வீட்டில் அவர் ஒருவர்தான். மற்ற நாளெல்லாம் ஓட்டல் சாப்பாடு. மகள் போனில் கூப்பிடும் ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அடுப்பு எரியும். “சமைச்சியாப்பா?” என்று கேட்பாள், பெற்ற பிள்ளையிடம் பொய் சொல்ல அவருக்கு வாய் வராது. ஆனாலும் தன் மனக்கணக்கை அவளிடம் சொன்னதில்லை. “சாமிக்குன்னு குட்த்துட்டு திருப்பிக் கேட்டா நல்லாவா கீது?” என்பார் துரையிடம்.

போன ஞாயிறு மகள் போனில் முகம் காட்டினாள். “அப்பா, என்னை மாத்திட்டாங்க!”

“தாரந்தோவுக்காம்மா?”

“இல்லப்பா. திரும்ப ரோமுக்கே. தலைமை மடத்துல பெரிய பொறுப்பு. இனிமே அங்கதான் இருப்பேன்.”

அவள் முகத்தில் அப்படியொரு பூரிப்பு. “ரொம்ப சந்தோசம்மா” என்றார். பேசி முடித்ததும் வடித்த சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். அவள் இல்லாத வீடு அன்றைக்குத்தான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது.

மறுநாள் செய்யூரில் அந்த இத்தாலி ஊர்கள் எதையும் அவர் கூவவில்லை. ஏற வேண்டியவர்கள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நேரமும் தாண்டிவிட்டது. சின்னப்பன் பின்படியில் நின்று, கடற்கரைப் பக்கமிருந்து வரும் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இன்னா அண்ணாத்த, எடுக்கட்டுமா?” என்று துரை குரல் கொடுத்தார்.

“இரு நைனா. ஒரு ஆளு வரணும்.”

துரை கண்ணாடியில் பார்த்தார். வெயிலில் சாலை வெறிச்சோடிக் கிடந்தது. சின்னப்பனின் விசில் வாய்க்குப் போகவில்லை. கைக்குள் இறுக்கி வைத்திருந்தார்.