கடுக்காய் கொடுத்த சித்தப்பா

எங்கள் சித்தப்பாவைப் போல ஓர் அழுகுணி ஆட்டக்காரர் ஜவ்வாது மலையிலேயே கிடையாது என்று பத்து வயதில் நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். சாட்சிக்கு என் இரண்டு கண்களும் இருந்தன.

பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த அவர், அந்தக் காலாண்டு லீவுக்கு ஒரு விளையாட்டைக் கொண்டுவந்தார். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, கதைக்குள் அடுத்து என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை முடிவு செய்யும். பத்துக்கு மேல் விழுந்தால் நினைத்தது நடக்கும். பழுப்பாக, பட்டை பட்டையாகக் காய்ந்த கடுக்காய் மாதிரி இருந்ததால், அந்தப் பகடைக்குக் கடுக்காய் என்றே பெயர் வைத்துவிட்டோம்.

நான் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அலையும் திருடி. தம்பி, கோழிக்குப் பயப்படும் ராட்சசன். பத்தாவது படித்துக்கொண்டிருந்த பெரியப்பா மகள், எனக்கு அக்கா, வைத்தியச்சி. சித்தப்பா சொன்னால் எல்லாமே சிரிப்புதான். அவருடைய மந்திரவாதிக்குத் தும்மல் நிற்காது, ராஜாவுக்குப் போளூர் பஸ்ஸில் சீட்டு கிடைக்காது. ஆனால் கடுக்காய் விஷயத்தில் மட்டும் கறார். ஒரு நாள் எனக்கு ஒன்பது விழுந்ததும், என் ஆட்டுக்குட்டியைச் சிறுத்தைக்குக் கொடுத்துவிட்டார். நிஜமாகவே அழுது பார்த்தேன், மனுஷன் இரங்கவில்லை.

அந்த வருஷம் மிளகு பறிக்கக் குடகுக்குப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. ஆடிக்கு வந்துவிடுவதாகச் சொன்னவர். புரட்டாசியும் பிறந்துவிட்டது, ஒரு போன்கூட இல்லை. லீவின் தொடக்கத்திலேயே சித்தப்பா குடகுக்குப் போய் நான்கு நாள் தேடிவிட்டு, ஆளைக் காணோம் என்று வந்து சொன்னார். அதற்குமேல் பெரியம்மா எதையாவது கேட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். அக்கா கேட்டால் ஏதாவது ஜோக்கடித்துச் சமாளிப்பார்.

அன்று நல்ல மழை. மத்தியானமே கரண்ட் போய்விட, சாமை மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்து ஆட்டத்தைத் தொடங்கினோம். கதையில் ஒரு மலைக்கணவாய், அதற்குக் காவலாக மூக்கால் பேசும் பூதம். நான் பூதத்திடம் மூக்குப்பொடி விற்கப் பார்த்தேன். தம்பி பூதம் வளர்த்த கோழியைக் கண்டு ஓடினான். அடுத்தது அக்காவின் முறை.

“எங்கப்பா இந்தப் பக்கம் வந்தாரா?” என்று பூதத்தைக் கேட்டாள்.

சித்தப்பா கொஞ்சம் தடுமாறினார். பிறகு அதே மூக்குக் குரலில், அவரைக் குழம்பு வைத்துச் சாப்பிட்டாகிவிட்டது, எலும்பு வேண்டுமானால் தருகிறேன் என்றார். நானும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. அக்கா சிரிக்கவில்லை, அழவும் இல்லை. கடுக்காயை எடுத்து, “திருப்பிக் கேக்கறேன்,” என்று உருட்டினாள்.

இரண்டு விழுந்தது. நான் நன்றாகப் பார்த்தேன். சித்தப்பா சட்டென்று உள்ளங்கையால் அதை மூடி, “பதினேழு,” என்றார்.

நான் எகிறிக் குதித்தேன். கடுக்காயை வைத்தே நமக்குக் கடுக்காய் கொடுக்கிறார் என்று கத்தினேன். வாயை மூடு என்று அதட்டினார். அவர் என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. அப்புறம் பூதம் பேசியபோது அதற்கு மூக்குக் குரல் இல்லை, சித்தப்பாவின் சொந்தக் குரல்தான் இருந்தது.

“வந்தாரும்மா. நல்லா கீறாரு. தாடி வுட்டுக்கீறாரு. செருப்புதான் தேஞ்சிபோய்க் கெடந்துது.”

“வூட்டுக்கு வருவாரா?”

“வரமாட்டாரும்மா.”

அக்கா தலையாட்டிக்கொண்டாள். பிறகு, பூதத்துக்குச் சளி பிடித்திருக்கிறது, வைத்தியச்சி சுக்குக் கஷாயம் வைத்துத் தருகிறாள் என்று சொல்லித் தன் முறையை முடித்தாள். சித்தப்பா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

மறுநாள் காலை குழாயடியில் அக்காவைப் பிடித்துக்கொண்டு, விழுந்தது இரண்டுதான் என்று போட்டுக் கொடுத்தேன். தானும்தான் பார்த்ததாகச் சொன்னாள். அதோடு விட்டேனா? தினமும் சவரம் செய்கிற பெரியப்பாவுக்குத் தாடி ஏது, அண்ணன் முகம்கூடவா இவருக்கு மறந்துபோகும் என்று கேட்டேன். அக்கா குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்தாள்.

“அந்தத் தாடி சமாச்சாரத்த எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத,” என்றாள்.

சித்தப்பா குடகில் பெரியப்பாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார். அங்கே பெரியப்பாவுக்கு வேறொரு குடும்பம் ஆகியிருந்தது. வீட்டில் மூச்சுவிடக் கூடாது என்று சித்தப்பாவிடம் சத்தியம் வாங்கியிருக்கிறார். இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது என் கல்யாணத்துக்குப் பிறகுதான். அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், ஒன்பது விழுந்த எனக்கு ஆட்டுக்குட்டி போயிற்று, இரண்டு விழுந்த அக்காவுக்கோ கேட்டதெல்லாம் கிடைத்தது என்பது மட்டும்தான். அந்த ஓரவஞ்சனைக்காக லீவு முடிகிறவரை நான் சித்தப்பாவோடு பேசவில்லை.