முப்பத்தொரு இடத்தில் நின்ற சித்தி

உலகத்தில் சூரியனுக்கு அடுத்தபடியாக வெளிச்சத்தை மேய்க்கத் தெரிந்தவள் என் சித்திதான். சூரியனுக்கே ஒரு குறை உண்டு, அது ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் நிற்கும். என் சித்தி ஒரே படத்தில் முப்பத்தொரு இடத்தில் நிற்பாள், ஓரிடத்திலும் தெரியமாட்டாள். மின்னல் இவளிடம் வந்து ஆறு மாதம் பயிற்சி எடுத்தால், கண்ட மரத்தில் விழாமல் ஒழுங்காக விழக் கற்றுக்கொள்ளும்.

இவ்வளவு பெரிய கார் போட்டோகிராபருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஓட்டுவது இருக்கட்டும், பின் சீட்டில் உட்கார்ந்து இரண்டு தெரு தாண்டினாலே கையில் பிளாஸ்டிக் பை வேண்டும். அவளுக்குப் பிடித்ததெல்லாம் நிற்கிற கார்.

பதினோரு வருடம் ஒரு ஸ்டுடியோவில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களில் பரு அழித்துக்கொண்டிருந்தாள். ஊரில் பாதிப் பேர் முகம் பளிச்சென்று இருப்பதற்குக் காரணம் சோப்பு இல்லை, சித்தி. வெளியே போய்ப் படமெடுப்பது ஆம்பளை வேலை என்பது ஸ்டுடியோ முதலாளியின் கொள்கை. "நீ உக்காந்த இடத்துலயே ராணிம்மா" என்பார். அந்த ராணிக்கு எழுந்து நிற்க மட்டும் அனுமதி கிடையாது.

காரைப் படமெடுக்க அவள் கற்றுக்கொண்டது எங்கள் வீட்டுக் குக்கரில். ஸ்டோர் ரூமுக்கு ஜன்னல் இல்லை. கதவைச் சாத்தி, குக்கரை ஸ்டூலில் ஏற்றி, டார்ச்சோடு உள்ளே போய்விடுவாள். குக்கரும் காரும் குணத்தில் ஒன்று. நேராக விளக்கடித்தால் விளக்குதான் தெரியும், சாமான் தெரியாது. ஓரமாக வெளிச்சத்தைத் தடவிக்கொண்டே போனால்தான் வளைவு எழுந்து வரும்.

"அடியே, குக்கரை மாடலிங்குக்கு அனுப்பிட்டியா? நான் அடுப்பு பத்தவைக்கணும்" என்று அம்மா வெளியே இருந்து கத்துவாள்.

"இருக்கா, மூடி மட்டும்தான் பாக்கி!"

பிறகு ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரரின் காரைப் படமெடுத்தாள். அந்தப் படம் கைமாறிக் கைமாறி ஒரு கார் ஷோரூம் மேனேஜர் கண்ணில் பட்டது. அவர் போன் செய்தார். "ஒரு கார் அனுப்புறேன். காலையில பத்துலேர்ந்து மூணு மணி வரைக்கும் உங்ககிட்ட இருக்கும். நல்லா வந்துச்சுன்னா மீதி எட்டு காரும் நீங்கதான் எடுக்கறீங்க. இல்லேன்னா வருத்தப்படக் கூடாது." அந்தக் கார் ஏற்கெனவே விற்றுப்போனது. மூன்று மணிக்கு வெளியூர் போய்விடும். இன்னொரு தடவை எடுக்கலாம் என்ற பேச்சே இல்லை.

சித்தி ஒரு வாரம் லீவு கேட்டாள். முதலாளி சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டாராம். "திங்கக்கிழமை வந்துடுவே, எனக்குத் தெரியாதா?" லீவு கிடைத்த சந்தோஷத்தைவிட அந்தச் சிரிப்புதான் அவளோடு வீட்டுக்கு வந்தது. படம் தேறினால் சொந்த வேலை. தேறாவிட்டால் திங்கட்கிழமை மறுபடியும் பரு.

ஒரு பழைய மாவு மில்லின் தகரக் கொட்டகையைப் பிடித்தோம். கூரையில் எக்கச்சக்கமாக ஆணி ஓட்டைகள். ஒவ்வொன்றும் காரின் பானட்டில் நட்சத்திரமாக விழும் என்று, ஏணி போட்டு இரண்டு நாள் அடைத்தாள். பத்தாம் வகுப்புக் கணக்கு என்னோடு இரண்டு முறை சண்டை போட்டுப் பிரிந்துவிட்டதால் நான் சும்மாதான் இருந்தேன். கேமராவின் ரிமோட்டை என் கையில் கொடுத்தாள். "நான் 'ம்'னு சொன்னா அழுத்து. இருபது எண்ணு. வேற எதையும் தொடாதே."

கார் வந்தது, கறுப்பாக, கண்ணாடி மாதிரி. கொண்டுவந்த டிரைவர் அண்ணன் சித்தியை மேலும் கீழும் பார்த்தார். கறுப்புச் சட்டை, கறுப்புப் பேன்ட், தலையில் கறுப்புத் துணி, மூக்குத்திமேல் ஒரு துண்டு கறுப்பு டேப்.

"ஏம்மா, படம் எடுக்க வந்தீங்களா, காரைத் தூக்க வந்தீங்களா?"

"மூணு மணிக்குத் தெரியும்ணே" என்றாள் சித்தி.

கொட்டகை ஷட்டரை இறக்கினோம். வெளியே உச்சி வெயில், உள்ளே மை இருட்டு. கேமரா இருபது விநாடி கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் சித்தி ஒரு நீளமான விளக்குக் குச்சியைப் பிடித்துக்கொண்டு காரின் ஓரமாக நடந்துவிடுவாள். குச்சி, பழைய திரைச்சீலைக் கம்பியில் எல்இடி பட்டை ஒட்டி, எண்ணெய்த்தாள் சுற்றி அவளே செய்தது. கறுப்பு உடுப்பு என்பதால் அவள் படத்தில் விழமாட்டாள். வெளிச்சம் தடவிய இடம் மட்டும் விழும். ஒரு படத்தில் கூரை. இன்னொன்றில் கதவு. அடுத்ததில் ஒரு சக்கரம் மட்டும். இப்படி முப்பத்தொன்று எடுத்து, கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெளிச்சமான பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் முழுக்கார் பிறக்கும். ஒரே நிபந்தனை, கடைசிவரை காரும் நகரக் கூடாது, கேமராவும் நகரக் கூடாது. முடியளவுகூட. அதனால் மூன்று கால் ஸ்டாண்டின் அடியில் மணல் மூட்டை தொங்கவிட்டிருந்தாள்.

பதினேழு படம் வரை நான் தங்கமான பெண். அதற்குமேல் தங்கத்துக்குப் போரடித்தது. டிரைவர் அண்ணன் கேமராவுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து குறட்டையை ஆரம்பித்திருந்தார். சித்தி காருக்கு அந்தப் பக்கம் விளக்கைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கார் துடைக்கிற இறகுக் குச்சி கைக்கு எட்டியது. அது என் குற்றமா? இருட்டில் ஊர்ந்து போய் அவர் காதுக்குள் லேசாக விட்டேன். மனுஷன் துள்ளினார். நான் பின்வாங்கினேன். என் கால் ஸ்டாண்டின் காலில் போய் முட்டியது.

டக்.

"என்னடி சத்தம்?"

"டிரைவர் அண்ணன் தூக்கத்துல உதைக்கிறாரு சித்தி."

"ஆமாம்மா, மன்னிச்சிடுங்க" என்றார் அவர், அரைத் தூக்கத்தில். அவ்வளவு நல்ல மனுஷன்.

கேமரா நகரவில்லை என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். பின்பக்கச் சின்னத் திரையில் பார்த்தபோது எல்லாம் முன்போலவே இருந்தது. சித்தியும் எட்டிப் பார்த்துவிட்டு 'ம்' என்றாள். பதினெட்டு, பத்தொன்பது என்று போய் முப்பத்தொன்றும் முடிந்தது. மூன்று மணிக்குக் கார் போய்விட்டது.

சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் கம்ப்யூட்டரை வைத்து, முப்பத்தொன்றையும் மொத்தமாக அடுக்கினாள். வந்தது கார் இல்லை. கண்ணாடி போடாதவன் பார்த்த கார். கதவு விளிம்பு இரண்டு, விளக்கு இரண்டிரண்டு, கூரைமேல் இன்னொரு கூரை.

சித்தி ரொம்ப நேரம் பார்த்தாள். "டயர்ல காத்து இறங்கியிருக்கு" என்றாள். "கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. அப்படீன்னா ஒவ்வொரு படத்துலயும் கார் ஒவ்வொரு உயரம். எதுவும் எதோடயும் சேராது. நான்தான் செக் பண்ணியிருக்கணும்."

"வேற வழி இருக்கும்டி" என்றாள் அம்மா.

"இல்லக்கா. காத்து இறங்கினா வழி இல்ல."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கேலி செய்து சமாளித்திருப்பேன். மூக்குத்தி டேப்பை மெதுவாக உரித்து மேஜை ஓரத்தில் ஒட்டினாள். மேனேஜருக்குச் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தாள். சொன்னால் நான் செத்தேன். சொல்லாவிட்டால் திங்கட்கிழமை.

"சித்தி, முதல் பதினேழை ஒண்ணா வை" என்றேன். "பதினெட்டுலேர்ந்து தனியா வை. வச்சுத்தான் பாரேன்."

ஏன் என்றுகூடக் கேட்காமல் போனைக் கீழே வைத்துவிட்டு அப்படியே செய்தாள். பதினேழும் சேர்ந்து பாதிக் கார் ஆனது. ஊசி மாதிரி கூர்மை. மீதிப் பதினாலும் சேர்ந்து இன்னொரு பாதி. அதுவும் ஊசி.

"காத்து இறங்கல" என்றாள் சித்தி. அவள் குரல் மாறியிருந்தது. "அக்கா, காத்து இறங்கலக்கா! கேமரா கழுத்துதான் துளி திரும்பியிருக்கு. காலு நகரல, மணல் மூட்டை புடிச்சிருக்கு. கழுத்து திரும்பினா திருப்பி வச்சுக்கலாம்!"

இரண்டாம் பாதியைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தாள். ஒரு புள்ளி, இரண்டு புள்ளி. ஒன்பதாவது புள்ளியில் கொஞ்சம் சாய்த்தாள். கதவு கதவோடு போய் உட்கார்ந்தது. ஓரத்தில் ஒரு கீற்று வெட்டுப்பட்டது, அங்கே வெறும் இருட்டுத்தான். கறுப்புக் கார் கறுப்பிலிருந்து எழுந்து நின்றது, கூரை முதல் சக்கரம் வரை ஒரே வெள்ளிக் கோடு. மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். அம்மா மட்டும், "நம்ம குக்கர் இதைவிட அழகா இருந்துச்சு" என்றாள். அன்று எல்லாரும் இரண்டு தடவை சாப்பிட்டோம்.

மறுநாள் காலை மேனேஜர் போன் செய்தார். "மீதி எட்டும் அனுப்புறேன். கொட்டகையில இடம் இருக்கா?" சித்தி நின்றபடியே பேசினாள். பிறகு முதலாளிக்கும் நின்றபடியே போன் போட்டாள். "சார், திங்கக்கிழமை வரல. அதுக்கப்புறமும் வரல." அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு என்னைப் பிடித்துச் சுற்றினாள், நான் விழும்வரை. எனக்கு ஒரு டன் பாரம் இறங்கியது. தப்பித்தேன், அவளும் தப்பித்தாள், கணக்கு முடிந்தது என்று சோபாவில் சாய்ந்தேன்.

சித்தி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"ஆமா, பதினெட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"குத்துமதிப்பா சொன்னேன் சித்தி."

"கணக்குல ரெண்டு தடவை ஃபெயிலானவ, முப்பத்தொண்ணுல சரியா அந்த ஒண்ணைக் குத்துமதிப்பா புடிச்சே?"

"சில சமயம் அப்படி வரும்…"

"டிரைவர் அண்ணனுக்கு போன் பண்ணேன். அவருக்கு உதைக்கிற பழக்கமே இல்லையாம். காதுதான் ராத்திரி பூரா அரிச்சுதாம்." எழுந்து போய் அலமாரியிலிருந்து வலி மருந்து டியூபை எடுத்துவந்து என் மடியில் போட்டாள். "நேத்துலேர்ந்து நொண்டிக்கிட்டே திரியறே. முதல்ல கால் விரலுக்கு இதைத் தடவு. உதை அதுக்கப்புறம்."